மேனேஜரின் கள்ளிச்செடி

கள்ளிச்செடியின் அடிப்பாகம் மஞ்சளாகிக் கிடப்பதைக் கண்டதும் தலைமை குமாஸ்தா டைப்பிஸ்டையும் கேஷியரையும் அலறிக் கூப்பிட்டார்.

பத்து நாள் விடுப்பில் போகும்போது மேனேஜர் கொடுத்துவிட்டுப் போனது ஒரே ஒரு வேலைதான். "டைரக்டர் தன் கையால குடுத்த செடி. மூணு வருஷமா என் புள்ள மாதிரி வளர்க்கறேன். இந்தப் பூவைப் பாருங்க, வாடவே வாடாது. பத்திரம்! வந்ததும் உங்க பதவி உயர்வுல கையெழுத்து போட்டுடறேன்."

அந்தக் கையெழுத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் தவம் கிடந்த மனுஷன் சும்மா இருப்பாரா? காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். தங்கள் பங்குக்கு நல்ல பெயர் வாங்க டைப்பிஸ்டும் கேஷியரும் ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார்கள்.

"தண்ணி பத்தலை சார், அதான் மஞ்சளாகுது" என்றாள் டைப்பிஸ்ட். மறுபடி ஊற்றினார்கள். செடி சாய்ந்தது.

ஈரம் காயட்டும் என்று கேஷியர் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினார். இன்னும் சாய்ந்தது. முட்டுக் கொடுக்கக் குமாஸ்தா ஒரு பென்சிலைச் செருகினார். பென்சில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. செடி கூழாகச் சரிய, பூ மட்டும் மொடமொடவென்று முழுசாக உருண்டது.

"போச்சு! என் பொழப்பே போச்சு!"

செடிக்கடைக்கு ஓடினார். அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று இருந்தது, பூ இல்லாமல்.

"இதை எப்படிப்பா பாத்துக்கணும்?"

"ஒண்ணுமே செய்யக்கூடாது சார். சும்மா இருந்தாலே வளரும்."

"சும்மா இருக்கறதுதானே எங்க ஆபீஸ் வேலையே! இதுல போயி கோட்டை விட்டுட்டோமே!"

மேனேஜரின் டிராயரைக் குடைந்ததில் பாதி பிதுக்கிய பசை டியூப் அகப்பட்டது. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா பார்க்கப் பார்க்க, பழைய பூவைப் புதுச் செடியின் உச்சியில் ஒட்டினார்.

மேனேஜர் வந்தார். பையைக்கூட இறக்காமல் நேராகச் செடியிடம் போனார். பூவை விரலால் தொட்டார். குமாஸ்தாவை ஏற இறங்கப் பார்த்தார். குமாஸ்தாவுக்கு உயிரே இல்லை.

"பாத்தீங்களா, வாடவே இல்ல! என் வளர்ப்புன்னா சும்மாவா!" என்று சொல்லிச் சட்டென்று கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்த குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பிச்சேன்க்கா! மனுஷன் அப்படியே நம்பிட்டாரு!"

அக்கா துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பசையை மட்டும் எடுத்த எடத்துலயே வச்சிடுங்க சார். போன மூணு செடிக்கும் ஐயா அதுலதான் இந்தப் பூவை ஒட்டினாரு."