பவழாயியும் தண்ணீர் லாரியும்

அழிக்கப் போனால் போன் ஒரு கேள்வி கேட்கும்: உனக்கு மட்டும் அழிக்கவா, எல்லோருக்குமா? பதற்றத்தில் ரகுபதி ‘எனக்கு மட்டும்’ என்பதை அழுத்தித் தொலைத்தார்.

அவர் போனிலிருந்து கதை மறைந்தது. மந்தைவெளி குடியிருப்பின் தண்ணீர் லாரி குரூப்பில் மற்ற பதினான்கு வீட்டுக்காரர்கள் போனிலும் அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ரகுபதி அந்தக் குடியிருப்பின் செயலாளர். தினமும் காலை ஐந்தரைக்கு, ‘இன்று லாரி ஆறேகாலுக்கு வரும். ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று குரூப்பில் போடுவார். பிறகு ரயிலேறித் தரமணியில் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். அந்த ரயிலில்தான் அவருடைய திருட்டுத்தனம் நடக்கும். போனில் கதை எழுதுவார். கடல் கொள்ளைக்காரி பவழாயியின் கதை. பதினொரு வருடமாக எழுதுகிறார், ஒரு பத்திரிகைக்கும் அனுப்பியதில்லை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது இந்த ஆள் கடல் கதை விடுகிறான் பார் என்று யாராவது சிரித்துவிட்டால்? அந்த பயம்தான்.

இன்றைக்கு லாரிச் செய்தி என்று நினைத்து, பவழாயியின் முதல் அத்தியாயத்தை ஒட்டிவிட்டார். கடைசியில் கை தன்பாட்டுக்கு ‘ஒத்துழைப்புக்கு நன்றி’யும் தட்டிவிட்டது.

“இன்னாங்க, லாரி எப்போ வரும்னு பார்த்தா கப்பல் கிளம்பிடுச்சுன்னு போட்டுகீது?” என்றாள் மனைவி வசந்தி, பல் தேய்த்துக்கொண்டே.

“அது... ஃபார்வர்டு. ஃப்ரெண்டு அனுப்புனது.”

இந்த ஒரு பொய்யோடு விட்டிருக்கலாம். மனுஷன் விட்டால்தானே!

கீழே லாரி வந்தபோது வழக்கமான சண்டை இல்லை. குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யாரு சார் உங்க ஃப்ரெண்டு?” என்று மூன்றாம் மாடி கிரீஷ் பிடித்துக்கொண்டான். ஐ.டி. கம்பெனிக்காரன், எதையும் துருவிக் கேட்பான்.

“நடேசன். துபாய்ல இருக்கான்.”

“அடுத்த பார்ட் எப்போ? அந்தப் பொம்பள சுறா வாயில கைய வுட்டுகினு நிக்குது. அப்படியே வுட்டா எப்படி சார்?”

மறுநாள் இரண்டாம் அத்தியாயம் போனது, வாலில் அதே ‘ஒத்துழைப்புக்கு நன்றி’யோடு. அடுத்த நாள் மூன்றாவது. பதினெட்டு நாள் இப்படியே ஓடியது. லாரி தாமதமானால்கூட இப்போதெல்லாம் யாரும் செயலாளரைத் திட்டுவதில்லை. கதை தாமதமானால்தான் திட்டினார்கள்.

ஒருநாள் முதல் மாடி ஹமீதுன்னிசா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் வந்தாள். அவள் கணவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ்.

“அண்ணே, அங்க நாலு மணி நேரம் அவரு மூஞ்சியையே பார்த்துகினு உக்காந்திருப்பேன். இப்போ பவழாயி கதையைப் படிச்சுக் காட்டுறேன். நேத்து அவ சுங்க அதிகாரியைப் பீப்பாய்ல போட்டு அடைச்சா இல்ல? இவரு சிரிச்ச சிரிப்புல நர்ஸு ஓடியாந்துடுச்சு. அவரு சிரிச்சு எத்தினி மாசம் ஆச்சு தெரியுமா? அந்த நாலு மணி நேரமும் நாங்க ஆஸ்பத்திரியிலயே இல்லண்ணே, கப்பல்லதான் இருந்தோம். எழுதுனவரு நல்லா இருக்கணும். நான் துவா செய்யறேன்னு சொல்லுங்க.”

அந்த நடேசன் நான்தான்மா என்று சொல்ல ரகுபதி வாயைத் திறந்தார். “சொல்றேன்மா” என்றுதான் வந்தது.

அன்று சாயங்காலமே கிரீஷ் அடுத்த குண்டைப் போட்டான். “சார், எங்க அக்கா துபாய்லதான் கீது. அட்ரஸ் குடுங்க, நடேசன் சாரை நேர்ல போய்ப் பார்த்து ஒரு சால்வை போடச் சொல்றேன்.”

ரகுபதிக்கு வியர்த்துவிட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டு யோசித்து, காலையில் நடேசனைக் கொன்றுவிட்டார். ‘நண்பர் நடேசன் துபாயில் காலமானார். லாரி ஆறரைக்கு. ஒத்துழைப்புக்கு நன்றி.’

அப்பாடா என்று கீழே வந்தால், லாரிக் குழாயை மூடிவைத்துவிட்டு இரண்டு நிமிட மௌன அஞ்சலி! அத்தனை பேரும் தலை குனிந்து நின்றார்கள். ஹமீதுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வசந்தி ஒரு குடத்தின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத நடேசனுக்கு இத்தனை துக்கமா என்று ரகுபதிக்கே கண் கலங்கியது. இல்லாத ஒருவனுக்காக அவரும் அழுதார்.

மௌனம் முடிந்ததும் கிரீஷ் அவர் தோளில் கை வைத்தான்.

“அவரு போயிட்டாரு. கதை அனாமத்தா போகக்கூடாது சார். தி.நகர்ல ஒரு வாரப் பத்திரிகை தொடர்கதைப் போட்டி வச்சிருக்கு. முதல் பத்து அத்தியாயம் குடுத்தா போதும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நானே அனுப்பிடறேன்.”

“எழுதுனவர் பேரு?”

“அவருதான் இல்லியே சார். பார்த்து ஏதோ ஒண்ணு போட்டுக்கலாம்.”

ஏதோ ஒன்றா? பதினொரு வருடம், நின்றுகொண்டே, கம்பியில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக எழுதிய கதைக்கு ஏதோ ஒரு பெயரா? வாழ்க்கையில் முதல்முறையாக ரகுபதிக்கு பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டார். பத்து அத்தியாயங்களையும் பிரிண்ட் எடுத்தார். கடைசிப் பக்கத்தில் அந்தப் பாழாய்ப்போன ‘ஒத்துழைப்புக்கு நன்றி’ இருந்தது. அடிக்கப் பேனாவை எடுத்தார். ஹமீதுன்னிசாவின் கணவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் சிரிக்காவிட்டால் நான் தி.நகருக்குக் கிளம்பியிருப்பேனா? குடத்தோடு நின்று படித்தவர்களுக்கெல்லாம் வேறு எப்படி நன்றி சொல்வது? அடிக்காமல் விட்டார்.

பெயர் எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது. ரகுபதி என்று போட்டால், செத்தவன் கதையைத் திருடிவிட்டான் என்று குடியிருப்பே காறித் துப்பாதா? அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

பத்திரிகை அலுவலகத்தில், வரவேற்பு மேஜையில் ஷீலா என்ற பெண் உட்கார்ந்து, வந்த உறைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய கதையின் முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

“பவழாயியா?”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாம இன்னா சார்? இதே கதை இந்த வாரத்துல பதினஞ்சு வந்துகீது. இது பதினாறாவது.” மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு உறைகளைத் தூக்கி வைத்தாள்.

ரகுபதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கிரீஷ் ஒருவன்தான் திருடுவான் என்று நினைத்தால், குடியிருப்பே திருடிவிட்டதா! துவா செய்த ஹமீதுன்னிசாவுமா? மேலே இருந்த உறையில் முகவரி எழுதியிருந்த குண்டு குண்டான கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாக மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து.

வசந்தியுமா?

“சார், உக்காருங்க. தண்ணி குடிங்க.”

“தண்ணி இருக்கட்டும்மா. அதுல... எழுதுனவர்னு யார் யார் பேரு போட்டிருக்கு?”

ஷீலா உறைகளில் இருந்த கதைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் கதையில் காலியாக இருந்த இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினாள்.

“பதினஞ்சுலயும் ‘ரகுபதி, மந்தைவெளி’ன்னு கொட்டை எழுத்துல போட்டுகீது சார். பேரு போடாம எடுத்தாந்தது நீங்க ஒருத்தர்தான்.”