சம்பந்தி வீட்டு குனாஃபா

பெண் கேட்டுப் போன வீட்டில் காப்பி முடிந்ததும் வஜீஹின் கைக்கு ஒரு குனாஃபா தட்டு வந்து சேர்ந்தது. அடியில் உருகிய பாலாடைக்கட்டி, மேலே முறுகிய சேமியா, அதற்கும் மேலே சூடு ஆறாத சர்க்கரைப் பாகு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் நாலே வாய். அப்புறம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார். அன்றிலிருந்து காலையில் அரை ரொட்டிதான், தேநீரில் சர்க்கரை கிடையாது. சாப்பிட்ட கையோடு அம்மான் நகரத்து மலைப்படிகளில் இருபது நிமிடம் ஏறி இறங்குவார். அலுவலகத்தில் லிஃப்ட்காரன் கோபமா என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பக்கமே போவதில்லை. முந்நூற்றைத் தொட்ட எண் நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது.

ஆனால் அதை இங்கே வாய்விட்டுச் சொல்லக் கூடாது. டாக்ஸியில் வரும்போதே மனைவி நுஹா உத்தரவு போட்டிருந்தாள்.

"சர்க்கரைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. 'ரத்தத்துலயே இருக்கு, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும்'னு பொண்ணைத் தர மாட்டாங்க. நம்ம முஹன்னத் நாலு வருஷமா அந்த லியானையே நினைச்சுக்கிட்டிருக்கான்."

மகன் முஹன்னத் இப்போது எதிரே, சலவைக் கஞ்சி போட்ட சட்டையைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுங்க அபூ முஹன்னத். ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும்" என்றார் பெண்ணின் அப்பா அபூ ஜவ்தத். மகன் பெயரோடு 'அபூ' சேர்த்து, இன்னாரின் அப்பா என்று அழைப்பது அந்த ஊர் வழக்கம். சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. மனைவி காலமான பிறகு அவருடைய தங்கை பத்ரியாதான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாய் எடுத்துக்கொண்டால் என்ன? தான் ஒரு வாயோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்பது வஜீஹுக்கு நன்றாகத் தெரியும்.

"வரும்போது பாத்தேன், உங்க தெரு ரொம்ப அழகு. வெயில் சாயறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிதானமா சாப்பிடலாமே?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அபூ ஜவ்தத் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். இருவரும் நூற்றுப்பத்துப் படி இறங்கி, நூற்றுப்பத்துப் படி ஏறினார்கள். "மறுபடியும் ஒரு தடவை?" என்றார் அபூ ஜவ்தத். நல்ல மனுஷன் என்று வஜீஹ் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பத்ரியா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஆறிப்போனதை விருந்தாளிக்குக் குடுத்தா ஊர் என்ன பேசும்? கடைக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

புதிய தாம்பாளம் ஆவி பறக்க வந்தது. இந்தத் துண்டு முந்தியதைப் போல இரண்டு பங்கு.

வஜீஹ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "பல்வலி. கடைவாய்ப் பல்லு."

"அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று பத்ரியா உள்ளே போனாள். ஒரு கிராம்போடும், பல்லே வேண்டாத பண்டத்தோடும் வந்தாள். பாலேடு நிறைத்துப் பாகில் ஊறவைத்த சுருள்கள், ஆறு. "இது நாக்குல வச்சாலே கரைஞ்சிடும். மெல்லவே வேண்டாம்."

இப்போது மடியில் இரண்டு தட்டு, வாயில் கிராம்பு. நுஹா முக்காட்டு விளிம்பைத் திருகிக்கொண்டே, "ஏதாவது பண்ணுங்க" என்று கண்ணால் கெஞ்சினாள். வஜீஹ் ஏதோ பண்ணினார்.

"பொண்ணு கேட்டு வந்தவங்க பதில் வராம காப்பியைத் தொடக் கூடாதுங்கறது நம்ம வழக்கம். நாங்க மரியாதை தெரியாம காப்பியைக் குடிச்சிட்டோம். இனிப்பையாவது தொடாம இருக்கேன். நீங்க யோசிங்க. ஒரு வாரம் ஆனாலும் சரி, ஒரு மாசம் ஆனாலும் சரி. பதில் வந்ததும் சாப்பிடறேன்."

நல்ல யோசனை என்று அவருக்கே தோன்றியது. அபூ ஜவ்தத் மீசையைத் தடவினார். எழுந்து உள்ளே போனார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எதுக்கு ஒரு மாசம்? லியானுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம்."

பத்ரியா போட்ட குலவையில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நுஹா அழுதாள். முஹன்னத் முகத்தில் பிறந்தது முதல் இல்லாத ஒரு வெளிச்சம்.

"இப்போ சாப்பிடணும் சம்பந்தி. என் கையால" என்று அபூ ஜவ்தத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெரிய கரண்டி நிறைய எடுத்து நீட்டினார்.

பாகு சொட்டியது. மூன்று மாதத்துப் படிகள் அத்தனையையும் அந்த ஒரு கரண்டி விழுங்கிவிடும் போலிருந்தது. அதைவிட, சம்பந்தம் ஆன முதல் நிமிடத்திலேயே இந்த நல்ல மனுஷனிடம் இன்னொரு பொய்யா?

வஜீஹ் கிராம்பைத் துப்பினார். அந்தக் கையை மெல்லத் தள்ளினார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு. மறைச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. பல்வலி பொய். தெருவும் அவ்வளவு அழகு இல்ல. என் பையன் ஒரு தப்பும் பண்ணல."

நுஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

அபூ ஜவ்தத் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, சுங்கத்தில் பெட்டி திறக்கச் சொல்கிற குரலில் கேட்டார்.

"எவ்வளவு இருந்தது?"

"முந்நூறு."

"இப்போ?"

"நூத்திமுப்பது."

"எப்படி?"

"சாப்பிட்டதும் நடக்கறேன். ரொட்டி பாதி. முதல்ல பருப்பு, காய்கறி, கடைசியிலதான் ரொட்டி. மாத்திரையைத் தவறவிடறதில்ல."

"நடை எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"பேரீச்சம்பழம்?"

"ஒண்ணு."

"ஒண்ணேதானா? ராத்திரி பசிச்சா?"

"வெள்ளரிக்காய்."

ஒவ்வொரு கேள்விக்கும் நுஹா ஒரு சுற்று இளைத்தாள். முஹன்னத் வாசலைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். வஜீஹ் எழுந்துவிடலாமா என்று யோசித்தார்.

தட்டுகளை எடுக்க வந்த பத்ரியா பெருமூச்சு விட்டாள்.

"கேட்டது போதும்ணா. சோபா தலையணைக்கு அடியில நீ தொடாம ஒளிச்சு வச்சிருக்கிற உன் தட்டு ரெண்டையும் எடுத்துக் குடு, கழுவணும். உன் சர்க்கரை மாத்திரைக்கும் நேரமாச்சு."