உயிலின் மூன்றாம் பக்கம்

எனக்கு நல்ல குரல் என்று பள்ளியில் ஒரு தமிழாசிரியர் சொல்லித் தொலைத்தார். அந்தப் பாராட்டை நம்பியதில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றே கால் ஏக்கர் நிலம் போனது. அப்பாவுக்கு அவருடைய அக்கா போனார். நிலத்தைப் பற்றி எனக்கு இப்போது பெரிய வருத்தம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், சரித்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு அடி அண்ணாமலையில் சும்மா இருந்தேன். (வேலை தேடுகிறான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். நான் தேடவில்லை.) சும்மா இருப்பவனுக்கு வரக்கூடாத ஆசை ஒன்று வந்தது. எங்கள் வம்ச வரலாற்றை எழுத வேண்டும்! முன்னோர் ஒருவர் ஏதோ ஒரு ராஜாவிடம் படைத்தலைவராக இருந்தார் என்று பங்காளிகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. எந்த ராஜா என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். ஆதாரத்தோடு நிரூபிக்கிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினேன். படைத்தலைவர் அகப்படவில்லை. செத்தவர்கள் எல்லோரும் காய்ச்சலில் செத்திருந்தார்கள். கிணற்றில் விழுந்து செத்ததாக ஊரே சொல்லும் பெரிய தாத்தாவுக்கும் பதிவேட்டில் காய்ச்சல்தான். தொழில் என்ற இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் ‘பயிர்’ என்று ஒரே சொல். நொந்துபோய் டவுனில் பத்திர ஆபீஸ் வாசலில் நின்றபோது, அங்கே மனு எழுதிக் கொடுப்பவர் என் சோகத்தைக் கேட்டுவிட்டு வழி சொன்னார்.

“உங்க தாத்தா உயிலு கியிலு எழுதி ரிஜிஸ்டர் பண்ணியிருக்காரான்னு பாருங்க தம்பி. அவர் செத்ததுக்குச் சான்று குடுத்தா நகல் தருவாங்க.”

தாத்தா எழுதித்தான் வைத்திருந்தார். இரண்டு மாதம் நடந்ததில் மூன்று பக்க நகல் கைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் படித்ததும் படைத்தலைவரை மறந்துவிட்டேன். ‘பூரண அறிவும் நல்ல நினைவும் உள்ளபோது மனப்பூர்வமாய் எழுதிவைத்த உயில் சாசனம்’ என்று தொடங்கியது. இரண்டாம் பக்கம் முழுக்க நிலங்களும் நான்கு எல்லைகளும். இரண்டு பக்கத்தையும் கண்ணாடி முன்னால் நின்று ஏற்ற இறக்கத்தோடு பழகினேன். மூன்றாம் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துதான் இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். சரித்திரத்தில் நான் மூன்றாம் வகுப்பில் தேறியவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அண்ணன் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கடா வெட்டு. பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தையும் அவருடைய இரண்டு மகன்களும் வந்திருந்தார்கள்.

அத்தை என்றால் எங்கள் வீட்டில் தனி மரியாதை. அப்பாவுக்கு ஊரில் இருந்த நல்ல பெயரே அத்தையால் வந்ததுதான். பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு மூட்டை மணிலாக் கடலை, ஒரு மூட்டை நெல், பூசணிக்காய், புடவை என்று சீர் எடுத்துக்கொண்டு அப்பா பஸ் ஏறுவார். ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை. கட்டிக்கொடுத்து முப்பது வருஷம் ஆன அக்காவுக்கு இப்படிச் செய்கிற தம்பி உண்டா என்று பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் வியப்பார்கள். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

கறி வெந்துகொண்டிருந்தது. நான் எழுந்து தொண்டையைச் செருமினேன். “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நம்ம தாத்தா எழுதின உயிலு. இது வரைக்கும் யாரும் பார்க்காதது!”

படபடவென்று கைதட்டினார்கள். முதல் பக்கத்துக்கே ஒரு சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அப்பா எழுந்தார்.

“போதும்டா. இலை போடச் சொல்லு.”

“இருங்கப்பா, முக்கியமான இடமே இனிமேதான் வருது.”

(எனக்குத் தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.)

பக்கத்தைத் திருப்பியபோது அத்தை கெஞ்சுகிற குரலில் சொன்னார். “கண்ணு, வெயிலு ஜாஸ்தியாவுது. சாப்ட்டுட்டு அப்பறம் படியேன்.”

அப்பாவுக்குப் பசி, அத்தைக்கு வெயில் என்றுதான் எடுத்துக்கொண்டேன். குரலை உயர்த்தி மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்.

‘மேற்படி கிணற்றடி நிலம் ஒன்றே கால் ஏக்கரை என் குமாரத்தி பச்சையம்மாளுக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாய் எழுதிவைக்கிறேன். என் குமாரன் அதைப் பயிரிட்டு, வருஷந்தோறும் மகசூலில் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க வேண்டியது. அவள் கேட்கும் காலத்தில் யாதொரு ஆட்சேபணையுமின்றி நிலத்தை ஒப்படைக்க வேண்டியது.’

யாரும் கைதட்டவில்லை. அத்தையின் மூத்த மகன் மட்டும் சொன்னான்.

“மச்சான், அந்த எடத்த இன்னொரு வாட்டி படி.”

என் வாசிப்பில் சொக்கிவிட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இன்னொரு வாட்டி படித்தேன். முதல் தடவையைவிட நிறுத்தி, ‘பாதியை’ என்ற சொல்லுக்கு நல்ல அழுத்தம் கொடுத்து. என் குரலையே ரசித்துக்கொண்டிருந்தவனுக்கு, சொல்லி முடித்த பிறகுதான் பொருள் புரிந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன்கள் இருவரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, இலையில் கை வைக்காமல் கிளம்பினார்கள். மீந்த கறியை இரண்டு நாள் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். “சந்தோஷமாடா?”

வழக்கு அத்தை பெயரில் வந்தது. மனுவில் அத்தையின் கைநாட்டு. இரண்டு வருஷம் வாய்தா வாங்கிவிட்டு, ஒரு நாள் அப்பா தானாகவே நிலத்தை ஒப்படைத்தார். கிரிவலக் கூட்டம் பெருகிக்கொண்டிருந்த நேரம். மகன்கள் அதை மனைபோட்டு விற்றார்கள். எங்கள் கிணறு இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் நிற்கிறது. அந்தப் பொங்கலிலிருந்து அப்பா கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறவில்லை. ஏறினாலும் கதவு திறக்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா நல்லவர் என்று எழுத எனக்கு ஆசை. அக்காவின் நிலத்தில் விளைந்ததை அக்காவுக்கே சீர் கொடுத்துப் பேர் வாங்கியவரை வேறு என்னவென்று எழுதுவது? அதைப் பத்துப் பேர் நடுவில் நான் படித்துக் காட்டியதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அத்தையைப் பார்த்தேன். தனியாக நின்றிருந்தார்.

“இன்னா கண்ணு, இளைச்சுட்ட?”

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் வேறு சொன்னது. “உண்மையதான அத்த படிச்சேன்?”

“உண்மைதான். அந்தக் காயிதத்துல இருக்கறது எனக்குந் தெரியும், உங்கப்பனுக்குந் தெரியும். நான் கேட்டிருந்தா குடுத்திருப்பான். அதோட என் வாசப்படி மிதிச்சிருக்க மாட்டான். நெலம் போனாப் போவுது, பொங்கலுக்குப் பொறந்த வூட்டுலேர்ந்து ஒரு ஆளு வந்தான் இல்ல?” பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிச் சொன்னார். “மனசுக்குள்ள படிச்சிட்டு மடிச்சு வெச்சிருக்கலாம் கண்ணு.”

இதை அண்ணனிடம் சொன்னது அடுத்த மடத்தனம். அவன் ஊர் முழுக்கப் பரப்பினான். அன்றிலிருந்து நான் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் கரண்ட் பில்லை எடுத்தாலும் யாராவது ஒருவர் “மனசுக்குள்ள படி!” என்று கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியும் இதில் சேர்ந்துகொண்டாள்.

போன வருஷம் கீழ்பென்னாத்தூரிலிருந்து தபாலில் ஒரு அட்டை வந்தது. அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து, “இன்னாடா அது?” என்றார். அத்தையின் கருமாதிப் பத்திரிகை. இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போடாமலே அத்தையை எடுத்துவிட்டார்கள். நான் அட்டையை மடிக்கப் போனேன்.

“படிடா” என்றார் அப்பா.

முதல் வரியைச் சத்தமாகத் தொடங்கினேன். விஷயம் தெரியாத என் மனைவி சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே கத்தினாள். “மனசுக்குள்ள படிங்க!”