அந்த முதுகுக்கு ஒரு டீ

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது இடது கால் செருப்பின் வார் அறுந்தது. தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு பேன்ட், மூன்று சட்டை, ஒரு சார்ஜர். மேனாம்பேட்டில் என் அக்கா வீட்டிலிருந்து மத்தியானம் கிளம்பி, ஆவடி வந்து, பூந்தமல்லி ரோட்டில் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு முதுகை விட்டுத் தூரமாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் லாரி கிளீனர், கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலை. எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. சாப்பிட்ட நாளும் உண்டு, தண்ணீர் குடித்துப் படுத்த நாளும் உண்டு. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை விட்டுவந்த எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் என்னைத் துரத்தியிருப்பார். அந்தச் சனிக்கிழமை யாரும் துரத்தவில்லை. அதுதான் நடக்க நடக்க வலித்தது. (செருப்பும் ஒரு காரணம்.)

எல்லாம் என் வாயால் வந்தது. பார்த்த படத்தைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. சிகரெட்டை இரண்டு தடவை விட்டிருக்கிறேன். இதை ஒரு தடவைகூட விட்டதில்லை. அதுவும் நான் சும்மா நல்ல படம், மோசமான படம் என்று சொல்கிறவன் இல்லை. மதிப்பெண் போடுவேன். ஊரெல்லாம் ஸ்டார் போட்டால் நான் டீ போடுவேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை எழுந்து டீ குடிக்க வெளியே போகிறேனோ, அந்தப் படத்துக்கு அத்தனை டீ. இடைவேளை டீ சேராது. ஒரு டீகூடக் குடிக்கவில்லை என்றால் படம் பிரமாதம். ஒரு டீ என்றால் தாராளமாகப் போகலாம். மூன்று டீ என்றால் நான்காவதை வீட்டுக்கு வந்தே குடித்துக்கொள்ளலாம். திருப்பூர் ஹாஸ்டலில் என்னைக் கேட்காமல் யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். மேனாம்பேடு டீக்கடையிலும் ஆட்டோக்காரர்கள், "இன்னா மாமே, புதுப் படம் எத்தினி டீ?" என்றுதான் கேட்பார்கள். உலகத்தில் வேறு எதற்கும் யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது.

இனி என் மாமா. அக்கா ஸ்டெல்லாவின் கணவர், பெயர் அருள்தாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பெரிய வெள்ளிக்கிழமை அன்று எங்கள் பங்குக் கோயிலில் போடும் பாஸ்கா என்கிற ஏசுவின் பாடுகள் நாடகத்தில் பதினெட்டு வருஷமாக அவர்தான் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து. இந்தப் பழி எனக்கு வேண்டாம் என்று கை கழுவுகிற இடத்தில் கூட்டம் கப்சிப் என்று ஆகிவிடும். அந்த நாடகத்தைப் பார்த்த யாரோ ஒருவர் சொல்லி, ஒரு சினிமாவில் அவருக்குச் சின்ன வேஷம் கிடைத்தது. என்ன வேஷம் என்று எங்களிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும். படம் வெள்ளிக்கிழமை வருகிறது, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் சனம் முழுவதும் ஆவடியில் ஒன்றாகப் பார்க்கப் போகிறோம், அதுவரை வீட்டில் யாரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். எனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்.

அப்போது நான் அவர் வீட்டுக்கு வந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. வேலை இல்லை. அந்த மூன்று மாசமும் மாமாவிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். எப்போது பார்த்தாலும், "சாப்டியா மச்சான்?" என்று கேட்டார். காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். சாயங்காலம் கை கழுவிக்கொண்டே கேட்டார். ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் அவசரமாக. ஒரு நாள் குரல் உடைந்து, அழுகிற மாதிரி கேட்டார். அன்று தட்டில் இருந்த இட்லியை எண்ணிப் பார்த்தேன். ஆறு இருந்தது. இரண்டை எடுத்துப் பாத்திரத்தில் திரும்பப் போட்டேன். உட்கார்ந்து தின்கிறவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அவன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? குத்திக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். (இப்போது நினைத்தால் இட்லிக்குக்கூட என்மேல் கோபம் வந்திருக்கும்.)

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்டேட்டில் வேலை கேட்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நேராகத் தியேட்டருக்குப் போனேன். மாமாவை ஒரு கூட்டத்தில் நிற்க வைத்திருப்பார்கள், முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகக் கை காட்டலாம் என்பது என் திட்டம். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த வீடியோவைத் தேடிப் போய்ப் பார்ப்பீர்கள். ஏற்கனவே பார்த்தவர்கள் போதும்.

படம் நன்றாகவே இருந்தது. கூட்டம் வந்த இடத்திலெல்லாம் மாமாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி வராண்டா வந்தது. பெஞ்சில் நரைத்த தலைக்காரர் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆஸ்பத்திரி ஆகாது, சினிமா ஆஸ்பத்திரி சுத்தமாக ஆகாது. எழுந்து டீக்குப் போய்விட்டேன். குடித்துவிட்டு வந்தபோது காட்சி மாறியிருந்தது.

வெளியே வந்தால் மைக் பிடித்த ஒருவரும் செல்போன் பிடித்த ஒருவரும் நின்றிருந்தார்கள். படம் பார்த்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு வீடியோ போடுகிறவர்கள். என் வாழ்நாள் முழுக்க அந்த மைக்குக்காகவே காத்திருந்தவன் மாதிரி போய் முன்னால் நின்றேன்.

"படம் எப்டி ப்ரோ? அஞ்சுக்கு எத்தன ஸ்டார்?"

"ஸ்டார்லாம் நமக்குத் தெரியாது ப்ரோ. ஒரு டீ."

டீக் கணக்கை விளக்கினேன். ஒரு டீ என்றால் நல்ல மார்க் என்று தெளிவாகச் சொன்னேன். அதையெல்லாம் அவர்கள் வெட்டிவிட்டார்கள். மைக் பிடித்தவர் சும்மா இருக்காமல், அந்த ஒரு டீ எந்த சீனுக்கு என்று கேட்டார். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

"ஆஸ்பத்திரி சீன் ப்ரோ. ஒரு ஆளு முதுகக் காட்டிகினு குந்திகினு கீறான். அந்த முதுகப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, அது நடிக்கிற முதுகு இல்லன்னு. மூஞ்சி வர்றதுக்குள்ள நான் டீக்குப் போய்ட்டேன்."

சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'முதுகு நடிக்கல' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு அன்று சாயங்காலமே வீடியோவை ஏற்றிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. மாதக் கடைசி, போனில் டேட்டா தீர்ந்திருந்தது.

சனிக்கிழமை மாமாவுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சாப்டியா மச்சான்?"

முந்தின நாள் பொய் சொல்லிவிட்டுப் போன குற்ற உணர்ச்சி, மூன்று மாசத்து ரோஷம், எல்லாம் சேர்ந்து எனக்கு ஏறிவிட்டது.

"நேராவே சொல்லிடு மாமா. மூணு மாசமா சாப்டியா சாப்டியான்னு குத்திகினே கீற. தண்டச்சோறுன்னு ஒரு வாட்டி சொல்லிட்டீன்னா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் கரண்டி. அதை என் மேல் வீசியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

"டேய், அவரு குத்திக் காட்டலடா. ஷூட்டிங்குக்கு, அப்பால டப்பிங்குக்குன்னு டயலாக் பழகிகினு இருந்தாரு. படத்துல அவருக்கு ஒரே ஒரு டயலாக்கு. புள்ள செத்துப் போனது தெரியாம ஆஸ்பத்திரில குந்திகினு, 'எம்புள்ள சாப்டானா சிஸ்டர்'னு கேக்கணும். அத்தத்தான் உங்கிட்ட கேட்டுக் கேட்டுப் பாத்தாரு."

ஆஸ்பத்திரி என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே எனக்கு முந்தின நாள் குடித்த டீ ஞாபகம் வந்தது. அவர்கள் மகள் ஜெனி, அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், தன் போனை என் முன்னால் நீட்டினாள். அதில் நான் இருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் காலையிலிருந்து எல்லோரும் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோயில் இளைஞர் குழுவின் வாட்ஸ்அப்பில் நாலு தடவை சுற்றியிருக்கிறது.

"அது என் முதுகு மச்சான்," என்றார் மாமா. கோபமே இல்லை. பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல ஒன்று கேட்டார். "டீ நல்லாருந்துச்சா?"

அந்த மூன்று மாசமும் நான் வேலை தேடி எங்கே போனாலும் அவர் பைக்கில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். கண்ணுக்கு முன்னால் அந்த முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மழை வந்தால் அந்த முதுகில்தான் முகத்தை ஒட்டிக்கொள்வேன். தலையில் கொஞ்சம் வெள்ளை பூசிப் பெஞ்சில் உட்கார வைத்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பையை எடுத்தேன். அக்கா சாப்பிட்டுப் போ என்றாள். அந்தச் சொல்லை அந்த வீட்டில் கேட்க முடியாமல் படியிறங்கினேன். ஒரே ஒரு நாள் பொறுத்து, ஞாயிறு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். நான் செய்திருக்கக்கூடிய ஒரே நல்ல காரியம் அது. ஓடுவது எனக்குப் பழக்கம் என்பதால் ஓடினேன்.

ஞாயிறு நடந்ததை அக்கா பிறகு போனில் சொன்னாள். முதுகு திரையில் வந்ததும் பின்னாலிருந்து யாரோ, "முதுகு நடிக்கல" என்று கத்தினார்களாம். தியேட்டரில் பாதிப் பேர் சிரித்தார்களாம். மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அவர் திரும்பி அந்த ஒரு வரியைக் கேட்டபோதும் சிரிப்பு முழுசாக அடங்கவில்லையாம். என் சீட்டில் அக்காவின் கைப்பை உட்கார்ந்திருந்ததாம். அதற்குப் பிறகு மாமாவுக்கு வேறு படம் வரவில்லை. என்னால்தான் என்று யாரும் சொன்னதில்லை. இல்லை என்றும் யாரும் சொன்னதில்லை.

நாலு வருஷம் ஆகிவிட்டது. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் விட்டுவைக்கவில்லை. குடும்பப் போட்டோ எடுத்தால் நான் இருக்கும் பக்கம் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். போன வருஷம் ஜெனிக்குக் கல்யாணம். மாமா அவளைக் கைப்பிடித்துப் பீடம் வரை கூட்டிக்கொண்டு போனார். நான் கடைசி பெஞ்சில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும்தான். கோட்டு போட்ட முதுகு. லேசாகக் குலுங்கியது. பந்தியில் இலைக்கு எதிரே வந்து நின்று, "எத்தினி டீ மச்சான்?" என்று கேட்டார். ஒரு டீகூட இல்லை மாமா என்றேன். பக்கத்து இலைக்காரர், கல்யாணத்தில் டீகூடக் கொடுக்கவில்லையா என்று வருத்தப்பட்டார்.

அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை அறுந்த செருப்போடு பாரிவாக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கட்டி முடியாத ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டியாக இருந்த பழைய சகா படுக்க இடம் கொடுத்தான். ஒரு தியேட்டர் கேன்டீனில் டீ போட ஆள் தேடுகிறார்கள், உனக்கு டீ போடத் தெரியுமா என்று கேட்டான். குடிக்கத் தெரியும் என்றேன்.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்துகொண்டேன். ஓடிக்கொண்டிருந்தது அதே படம். இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே போனார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் காதை வைத்திருந்தேன். படத்தில் அந்த ஆஸ்பத்திரி வராண்டா வந்து, தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் வெளியே வந்தார்கள். மூன்று டீ கேட்டார்கள்.

"பால் காயல. உள்ள போய் ஒக்காருங்க."

"இன்னாணா, பொங்கி ஊத்திகினு கீது, காயலன்ற?"

திரும்பிப் பார்த்தேன். பொங்கித்தான் வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். இப்போது ஆறிவிட்டது, ரெண்டு நிமிஷம் கழித்து வாருங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். கதவு திறந்து மூடுவதற்குள் மாமாவின் குரல் ஒரே ஒரு தடவை வெளியே வந்தது. இட்லியைத் திரும்பப் போட்ட அன்று கேட்ட அதே குரல்.

கேன்டீன்காரர் வந்து அடுப்பை ஏன் அணைத்தாய் என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். "சாப்டியா?" என்றார்.

மூன்று மாசமாக ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொல்லாத பதிலைச் சொன்னேன்.

"இன்னும் இல்லண்ணே."