ஐந்தாம் வீட்டுச் சுண்டல்

எனக்குக் கரப்பான் பூச்சியிடம் பயமில்லை. கல்கத்தா கிடர்பூர் குவார்ட்டர்ஸில் பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தப் பயம் கட்டுப்படியாகாது. இடி, மின்னல், மாமியார் யாரிடமும் பயமில்லை. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ‘டெம்ப்ளேட்’ என்று எழுதியிருந்த ஒரே ஒரு பொத்தானைக் கண்டால் எனக்குப் பயம். அந்தப் பயத்தால் நான் என் உயிர்த்தோழியை இழக்கப் பார்த்தேன். இழக்காமல் போனதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழில் எல்லாரும் வலைப்பூ எழுத ஆரம்பித்த காலம் அது. நானும் எழுத்தாளர்தான் (பத்திரிகைகள் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்). அனுப்பிய கதையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்ததைப் பார்த்த என் தம்பி, சென்னையிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவன், “அக்கா, உன்னைத் திருப்பி அனுப்ப யாருமே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு” என்று எனக்கொரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தான். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவைப் போட்டான். தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுத்தான். கிளம்பும்போது ஒரு தாளில் நான்கே நான்கு வரி எழுதி, மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினான். உள்ளே நுழை. புதிய பதிவை அமுக்கு. எழுது. பப்ளிஷை அமுக்கு.

“இதுக்கு மேல எதையும் தொடாதே. அதுவும் டெம்ப்ளேட்ங்கிறது வலைப்பூவோட அஸ்திவாரம், அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே. தொட்டா எல்லாம் போயிடும்.”

எல்லாம் என்றால் எது எது என்று நான் கேட்கவில்லை. வலைப்பூ போகலாம், கம்ப்யூட்டர் போகலாம், கரண்ட் போகலாம், என் கணவரின் துறைமுக உத்தியோகம்கூடப் போகலாம் என்று நானாக ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பொத்தானுக்கு அருகே மவுஸ் அம்பு போனாலே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எழுதியதில் தப்பு இருந்தால்கூடத் திருத்துவதில்லை, ஏனென்றால் திருத்துவது எப்படி என்பது சுவரில் இல்லை.

ஒரு நாள் கரியாஹாட்டுக்குப் புடவை எடுக்கப் போனவள், அங்கிருந்த இன்டர்நெட் கடையில் நுழைந்து என் வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் புரிந்துகொண்டது வேறு. தம்பி போட்டுக்கொடுத்ததால் எங்கள் வீட்டில் தெரிகிறது. நியூஜெர்ஸியில் இருக்கும் என் தங்கைக்குத் தெரிகிறது. கல்கத்தாவில் மற்ற யாருக்கும் என் எழுத்து கட்டம்தான். (இந்த முடிவுக்கு வர எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முட்டாள்தனத்துக்கு யோசனை தேவையில்லை.) அடடா, இந்த ஊரைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாமே என்று ஒரே குதூகலம்.

அந்த நேரம் பார்த்து நவராத்திரி வந்தது. ஊர் முழுக்க துர்கா பூஜைப் பந்தலில் நிற்க, நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் வீடு வீடாகப் போய்க் கொலு பார்ப்போம். ஒன்பது நாளில் ஒன்பது வீடு போய்வந்து, ஒன்பது வீட்டுச் சுண்டலுக்கும் மார்க் போட்டு ஒரு பதிவு எழுதினேன். பெயர் போடவில்லை. நாகரிகம் தெரிந்தவள் அல்லவா? எண்தான் போட்டேன். ஐந்தாம் வீட்டுக்கு நான் எழுதியது இது:

‘கொலுவில் ஐஸ் குச்சியாலேயே ஹவுரா பாலம் கட்டியிருக்கிறார்கள். பாலம் அருமை. குச்சிக்குப் பதில் அந்த வீட்டுச் சுண்டலில் இருந்த கொண்டைக்கடலையை வைத்துக் கட்டியிருந்தால் இன்னும் நூறு வருஷம் நிற்கும். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் தேங்காய்க்கு.’

கல்கத்தாவில் ஐஸ் குச்சிப் பாலம் வைத்துக் கொலு வைத்தது ஒரே வீடு. கரியாஹாட்டுக்குப் பின்தெருவில் இருந்த என் தோழி கோமதியின் வீடு.

கோமதி யார் என்று சொல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று உங்களுக்குப் புரியாது. நாங்கள் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த முதல் மாதம், என் மகளுக்கு அனலாகக் காய்ச்சல். கணவர் டியூட்டியில். எனக்கு ஒரு வார்த்தை பெங்காலி தெரியாது. நம்மூர்ச் சாமான் விற்கும் ஒரு மளிகைக் கடையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டு நின்றவளை, “ஏட்டி, அழுதா காச்சல் எறங்குமா? வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போன திருநெல்வேலிக்காரி அவள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று நாள் என்னுடனேயே இருந்தாள். அதற்கு நான் போட்ட மார்க், பத்துக்கு இரண்டு.

விஜயதசமி முடிந்து இரண்டாம் நாள் காலை, பதிவுக்குக் கீழே முதல் முறையாகப் பின்னூட்டங்கள் வந்திருந்தன. ஆசையாகத் திறந்தேன். ஹவுராவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘ஐந்தாம் வீடு கரியாஹாட் பக்கம்தானே? நானும் போயிருந்தேன். பல் இன்னும் கூசுகிறது.’ அதற்குக் கீழே இன்னொருவர்: ‘பிரமாதம்! சனிக்கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு அச்செடுத்து வருகிறேன். எல்லாரும் படிக்கட்டும்.’

அன்று வியாழக்கிழமை. சங்கக் கூட்டத்துக்குக் கோமதி தவறாமல் வருவாள். அதுவும் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். அதற்குள் பதிவை அழித்தாக வேண்டும். சுவரைப் பார்த்தேன். அழிப்பது பற்றிச் சுவரில் ஒன்றுமில்லை. தம்பியோ ஏதோ பயிற்சிக்கு வெளிநாடு போயிருந்தான்.

தைரியம் என்பது வேறு வழி இல்லாதபோது வருவது. ‘எல்லாம் போயிடும்’ என்றானே, எனக்கு இப்போது எல்லாம் போவதுதானே வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு டெம்ப்ளேட்டை அமுக்கினேன்.

திறந்தால் ஒரே காடு. அடைப்பு, கோடு, எண், பாதி பாதி ஆங்கில வார்த்தை. மேலிருந்து கீழ்வரை தேடியும் சுண்டலைக் காணோம். சரி, சுண்டல் இதற்குள்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நடுவில் பார்க்கச் சந்தேகமாக இருந்த பத்துப் பன்னிரண்டு வரிகளை மொத்தமாக அழித்துச் சேமித்தேன். பிறகு வலைப்பூவைத் திறந்தேன்.

எல்லாம்தான் போயிருந்தது. பச்சைக் கரை போயிற்று. பக்கவாட்டில் இருந்த என் அறிமுகம் போயிற்று. (‘வளர்ந்து வரும் எழுத்தாளர்.’) சுண்டல் மட்டும் போகவில்லை. போகாததோடு, ஒவ்வோர் எழுத்தும் தேர்தல் சுவரெழுத்து சைஸுக்குப் பெருத்து, திரையை அடைத்துக்கொண்டு நின்றது. ‘பத்துக்கு இரண்டு’ என்பதற்கே முக்கால் திரை வேண்டியிருந்தது.

சாப்பிட வந்த என் கணவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். நிதானமாக எட்டிப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு இப்படிப் பதர்றே செல்வி? மோடத்தைக் கழட்டிட்டா யாருக்கும் தெரியாதுல்ல?”

கழற்றினோம். இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். (படித்த குடும்பம்.) ஆனாலும் மனசு கேட்காமல், பஸ் பிடித்துக் கரியாஹாட் இன்டர்நெட் கடைக்கே போய்ச் சோதித்துப் பார்த்தேன். மோடம் எங்கள் வீட்டில் செத்துக் கிடக்க, வலைப்பூ இங்கே உயிரோடு இருந்தது. கட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் கேரம் போர்டு அளவுக்கு.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பதறி வந்தார். “தீதி, என்ன ஆயிற்று?” என்று பெங்காலியில் அக்கா முறை வைத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை பெங்காலியில், இது என் பாஷை, இது ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் விடுவதாக இல்லை. “கோனோ சிந்தா நேய், தீதி!” கவலையே வேண்டாமாம். ஒரு சி.டி.யைப் போட்டு, எதையோ டிக் செய்து, கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்தித் திறந்தார். பத்தே நிமிஷத்தில் கட்டங்கள் எல்லாம் அழகான தமிழாக மாறின. அந்த நல்ல மனிதர் பெருமையோடு மானிட்டரைக் கடை முழுவதுக்கும் தெரிகிற மாதிரித் திருப்பியும் வைத்தார். தெருவில் போகும் தமிழர் யாரும் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

கட்டம் என்பது பூட்டு இல்லை, யாரும் திறந்துவிடலாம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்தவள் ஒருத்திதான். அவள் வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. பந்தல் மூங்கில்களைப் பிரித்துத் தெருவெல்லாம் போட்டிருந்தார்கள். அவற்றைத் தாண்டித் தாண்டிப் போய்க் கோமதி வீட்டு மணியை அடித்தேன்.

பூஜை விடுமுறை முடியாததால் வீட்டில்தான் இருந்தாள். “கோமதி, நான் ஒரு தப்பு...” என்று வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள் விஜயதசமிக்குக் கொடுத்த ‘நாடு’ என்கிற தேங்காய் உருண்டையை எடுத்து அந்த வாயில் திணித்துவிட்டாள். தசமி முடிந்து வீடு தேடி வருகிறவர்களுக்கு முதலில் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நான் உருண்டையை மென்றபடி, கண்ணில் தண்ணீர் வர, தமிழ் எழுத்துரு இருந்த அவள் கம்ப்யூட்டரில் வலைப்பூவைத் திறந்து காட்டினேன்.

அவள் படித்தாள். எழுத்து பெரிது என்பதால் ஒரு திரைக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் வரும். உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். முதல் வீடு. சிரித்தாள். இரண்டாம் வீடு. சத்தம் போட்டுச் சிரித்தாள். நான்காம் வீடு வரைக்கும் சிரித்தவள், ஐஸ் குச்சி வந்ததும் நிறுத்தினாள். ‘பத்துக்கு’ வந்தது. உருட்டினாள். ‘இரண்டு’ வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான திரையை நான் பார்த்ததில்லை.

“அன்னைக்கு ஆபீஸ்ல ஆடிட்டு. கடலைய ஊறப் போட மறந்துட்டேன்” என்றாள், திரையைப் பார்த்தபடியே. “உன் மவளுக்குப் புடிக்குமேன்னு வந்து அவசர அவசரமா வேக வச்சேன்.”

நான் சத்தமாகவே அழுதுவிட்டேன். மன்னித்துவிடு, எனக்கு அழிக்கத் தெரியவில்லை, எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன்.

கோமதி எழுந்து, என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு, “டெம்ப்ளேட்டைத் தொற, பாப்போம்” என்றாள். திறந்தேன். காட்டை ஒரு பார்வை பார்த்தாள். “என்னட்டி பண்ணி வச்சிருக்க? இங்க தலைப்புன்னு ஒரு டேக் தொறந்திருக்கு. அத மூடுத டேக்க நீ அழிச்சுட்ட. தொறந்தது மூடலேன்னா கீழ இருக்கது பூரா தலைப்புதான். அதான் இந்த வீக்கம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். டப்பாவத் தொறந்தா மூட மாட்டியா? மூடுததுக்கு முன்னால ஒரு ஸ்லாஷ். போடு.”

“நீயே போடேன்...”

“உன் வலைப்பூ. நீதான் போடணும்.”

அவள் விரல் காட்டிய இடத்தில் அடைப்பு, ஒரு சாய்ந்த கோடு, இரண்டெழுத்து, மறுபடி அடைப்பு. சேமித்தேன். வலைப்பூவைத் திறந்தால் எழுத்தெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டுச் சின்னதாகி உட்கார்ந்திருந்தது! கரண்ட் போகவில்லை. கணவர் வேலையும் போகவில்லை. அந்த ஒரு கோட்டில் என் பல மாதப் பயம் போயிற்று. பச்சைக் கரையையும் அறிமுகத்தையும் எப்படி மீட்பது என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் நானேதான் கற்றுக்கொண்டேன். அவள் சொல்ல மட்டும் செய்தாள்.

கடைசியில் அழிக்கும் பொத்தானையும் காட்டினாள். அது டெம்ப்ளேட் பக்கமே இல்லை. பதிவுக்குப் பக்கத்திலேயே இத்தனை நாளும் அப்பாவியாக இருந்திருக்கிறது. நான் அமுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

“இருக்கட்டும்ட்டி. நல்லாத்தான் எழுதிருக்க. மத்த வீட்டுக்கெல்லாம் நான் சிரிச்சேன்லா? எனக்கு மட்டும் ரோசம் வந்தா எப்படி?”

என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, ஒரு பின்னூட்டம் எழுதினாள். ‘ஐந்தாம் வீட்டுக்காரி நான்தான். மார்க் சரி. அடுத்த வருஷம் ஊற வைத்த கடலையோடு மறுதேர்வுக்கு வருகிறேன்.’ கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள்.

சனிக்கிழமை அச்சுத்தாள் வந்தது. கோமதியே அதை வாங்கி, எழுந்து நின்று, தன் வீட்டுப் பகுதியைக் குரல் நடுங்காமல் வாசித்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு யார் என்னைக் கோபிக்க முடியும்? (ஏழாம் வீட்டு அம்மாள் மட்டும் ஒரு வருஷம் பேசவில்லை. நியாயம்தான். நான் எழுதியது அப்படி.) ஒன்பது பேர் முன்னால் நான் குனிய வேண்டிய தலையை அவள் ஒருத்தி நிமிர்த்தி வைத்தாள். எழுத்து எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ஆனால் அன்று அவள் கொடுத்ததற்கு ஈடாக எதுவும் கொடுத்ததில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் திறந்திருந்தால், குழாய் சொட்டினால், யாராவது கதவைச் சாத்தாமல் போனால் ஒரே சத்தம்தான்: “ஸ்லாஷ் போடலையா?” தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் என் மகள், கல்யாணமாகி, பெங்காலி மாப்பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவர் வீட்டிலும் இப்போது கதவைச் சாத்துவதற்குப் பெயர் ஸ்லாஷ்தான்.

கோமதி ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்கே போய்விட்டாள். நவராத்திரிக்கு நவராத்திரி சுண்டலைப் படம் எடுத்து அனுப்பி மார்க் கேட்பாள். நான் பத்துக்குப் பத்து போடுவேன், சாப்பிடாமலே. பிறகு போன் பேசுவோம். பேச்சு ஓய்ந்ததும் அவள் வழக்கமாகக் கேட்பாள்: “சரிட்டி, ஸ்லாஷ் போட்டுரவா?”

“இரு, இரு” என்பேன் நான். “இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்.”