வரத்துக்காலில் விட்ட எலுமிச்சம்பழங்கள்

பெண் பார்க்கப் போகிற நாளில் ஒருவன் வேலைக்குப் போகக் கூடாது. போனாலும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. திருப்போரூர்ப் பக்கம் ஓர் ஏரி, மழைக்காலம் முடிந்ததும் பச்சைப்பசேலென்று பாசி மூடி நாறும். வயலில் போடும் உரம் மழைத் தண்ணீரோடு ஏரிக்குள் இறங்குவதுதான் காரணம். எவ்வளவு உரம் வருகிறது என்று தெரிய, முதலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிய வேண்டும். அதை அளக்கும் ஆய்வு உதவியாளன் நான். (அந்த உதவியாளனுக்கு உதவியாளனும் நானேதான்.)

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அந்த வருஷம் காய்ந்து கிடந்தது. அம்மா பெண் பார்க்கக் குறித்த நாளில்தான், பாருங்கள், விடியற்காலையில் மழை கொட்டியது. பெண் வீடும் அதே ஊர். "சாயங்காலம்தானே, காலையில அளந்துட்டு வந்துடறேன்" என்று கல்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

கருவி எதுவும் கிடையாது. மிதக்கிற பொருள் ஒன்றைத் தண்ணீரில் விட்டு, ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்குப் போகும் நேரத்தைப் பார்த்தால் வேகம் தெரியும். எலுமிச்சம்பழம் நன்றாக மிதக்கும், ஆனால் பழுத்த இலைகளோடு சேர்ந்து போனால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்காக அம்மாவின் குங்குமத்தைக் கொண்டுபோயிருந்தேன். கழுவிக்கொண்டு போகாமலிருக்க, பழத்தைப் பிளந்து உள்ளே அடைத்தேன். அப்படியொரு பழத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தண்ணீரின் வேகம் மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் அம்மாவோடு போய் நின்றால், பெண் வீட்டில் பஜ்ஜி வாசனையே இல்லை. பெண்ணின் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு வேணாங்க. எவனோ செய்வின வச்சிகிறான். வூட்டுக்குப் பின்னால, கால்வாயில துணி தோய்க்கிற கல்லாண்ட வந்து ஒதுங்கிகீது. இந்தச் சம்பந்தமே வேணான்றா எங்க வூட்ல."

முறத்தில் என் பழங்கள். பக்கத்தில் பெண்ணின் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பட்டுப்புடவையில் மேகலா, அழுது முடித்த முகத்தோடு. போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். இவளை விட்டுவிட்டு என்னால் பஸ் ஏற முடியாது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் மந்திரவாதி, திறக்காவிட்டால் பெண் போச்சு.

"அது என் பழங்க" என்றேன்.

"என்னடா உளர்றே?" என்று முறத்தை எட்டிப் பார்த்த அம்மா, "அடப்பாவி, என் குங்குமம்டா இது!" என்றாள்.

குச்சி, வேகம், உரம், பாசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பயம் தெளிந்தது. கோபம் வந்தது.

"அப்போ எங்க யூரியாதான் ஏரியக் கெடுக்குதுன்ற?"

"அப்படி இல்லீங்க… கொஞ்சம்…" (மாப்பிள்ளை பேசுகிற பேச்சா இது?)

அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "மேல போற தண்ணி வேகமாப் போவும். அடித்தண்ணி தரையில ஒரசிக்கினு மெதுவாத்தான் போவும். பழம் மேலதான மெதக்குது? அதுக்குக் கழிச்சீங்களா?"

மேகலா செங்கல்பட்டில் இயற்பியல் படித்தவள். அம்மா சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. கழிக்கவும் இல்லை. முந்தின வருஷங்களில் அளந்த எதிலுமே கழிக்கவில்லை. வராத தண்ணீரை வந்ததாகக் காட்டி, ஊர் போடாத உரத்தையும் ஊர் தலையில் கட்டியிருந்தேன்.

"கழிக்கலைங்க" என்றேன் ஜன்னலைப் பார்த்து.

"பாத்தியா! நம்ம யூரியா அவ்ளோ இல்ல!" என்று அவள் அப்பா துள்ளினார். "உள்ள வாங்க. அடியே, அடுப்பப் பத்த வை!"

தை மாதம் கல்யாணம். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் வீட்டில் கழித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பஸ்ஸில் நூறு பேர் நின்றார்கள் என்றால், சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள், "கழிச்சா எவ்ளோப்பா?" என்பாள். மாமனார் இருந்தவரை என் சம்பளத்தையே கழித்துத்தான் நம்பினார்.

போன வாரம் தோசை வார்த்துக்கொண்டிருந்த மேகலாவிடம், "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றேன்.

"கழிச்சிட்டு சொல்லுங்க."

"இதுல கழிக்க ஒண்ணுமில்ல."

அவள் திரும்பவில்லை. நான் கேட்காத இன்னொரு தோசை தட்டில் வந்து விழுந்தது.