உறுப்பினருக்கு இருபத்தெட்டு மார்க்

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரை நான் ஒரு பாடத்தில் ஃபெயிலாக்கினேன். (நம் ஊர்க் கட்சி இல்லை. அங்கே நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர்.) நூற்றுக்கு இருபத்தெட்டு. அந்த மதிப்பெண்ணுக்காக இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் அந்த விவகாரத்தில் நான் நடந்துகொண்ட விதத்தில் வெட்கப்பட வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. அவற்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. நியூ ஜெர்சியில், மன்ஹாட்டனுக்கு ரயில் ஓடும் ஊர்களில் ஒன்றில் குடியிருந்தோம். கணவர் செந்தில்நாதன் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் அடிப்படையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். சொந்த ஊர் கோபி. நான் மதுரையில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, கல்யாணமாகி, அவரைச் சார்ந்து வாழ்பவள் என்ற விசாவில் வந்திருந்தேன். அந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வந்தால்தான் போகலாம். விண்ணப்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஃபைல் ஓர் அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்டது, இன்னொன்றுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் கிடைத்த தகவல்.

இப்படிப்பட்ட நிலையில் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினால் அவர் அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வார்கள் என்று கணவரின் நண்பர் ஒருவர் சொன்னார். கடிதத்தை நான்தான் எழுதினேன். கணவர் கையெழுத்துப் போட்டார். "குடியேறிய குடும்பங்களுக்காகத் தாங்கள் அயராது ஆற்றிவரும் சேவையை நாங்கள் நன்கு அறிவோம்" என்பது அதன் முதல் வாக்கியம். எதையும் நாங்கள் அறிந்திருக்கவில்லை. ஆறு வருடம் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்த்தவள், தன் வாக்கியத்தைச் சரிபார்க்கவில்லை.

அடுத்த வாரம் தமிழ்ச் சங்கத் தலைவர் டாக்டர் சிவபாலன் போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருதய மருத்துவர், எல்லோருக்கும் அங்கிள். சங்கத்தின் காலாண்டு மலருக்கு நான்தான் ஆசிரியர். (சம்பளம் இல்லாததால் விசாவுக்குப் பாதகமில்லை.)

"பிள்ளை, நவம்பரில எலெக்ஷன். எங்கட ஆக்கள் கனபேர் இப்ப சிற்றிசன். ஆருக்குப் போடுறதெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்ல. ரெண்டு பேரையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தாரும்."

எழுதுவதற்கு மூன்று வருடமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. நகர நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படித்தேன். இரண்டு வேட்பாளர்களின் அலுவலகங்களுக்கும் ஒரே ஐந்து கேள்விகளை அனுப்பினேன்: குடியேற்றம், மருத்துவக் காப்பீடு, பள்ளிக்கூடம், துப்பாக்கி, ரயில். ஒரு தரப்பில் பதவியில் இருந்த உறுப்பினர். எதிர்த்து நின்றவர் ஒரு பல் டாக்டர் அம்மாள். பெயரையும் கட்சியையும் எழுதப் போவதில்லை. விடைத்தாளில் பெயரைப் பார்த்து மார்க் போடுவது முறையல்ல.

அழகான ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரானது. அங்கிள் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். பார்த்த உடனே ஆர் திறம் எண்டு தெரியோணும்."

பார்த்தவுடனே யார் திறமைசாலி என்று தெரிவதற்குத் தமிழர்கள் அறிந்த வழி ஒன்றே ஒன்று. நான் பிராக்ரஸ் ரிப்போர்ட் தயாரித்தேன். பாடத்துக்கு நூறு, பாஸ் மார்க் முப்பத்தைந்து, மொத்தம், ரேங்க், ஆசிரியர் குறிப்பு. பழக்க தோஷத்தில் கடைசியில் பெற்றோர் கையொப்பத்துக்கும் ஒரு கோடு போட்டேன்.

விடை எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்கு மார்க் இல்லை. கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறதா என்பதற்கு மட்டுமே மார்க். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை விசாரிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பல் டாக்டர் 'வேண்டும்' என்று எழுதி, எப்படி என்றும் எழுதியிருந்தார்: எழுபத்தொன்று. உறுப்பினர் உரிமையும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று எழுதியிருந்தார்: நாற்பது. ரயிலில் நிலைமை தலைகீழ். உறுப்பினருக்கு ஒவ்வொரு நிலையத்தின் படிக்கட்டும் தெரிந்திருந்தது: எண்பத்தொன்று. பல் டாக்டரோ தான் ரயிலில் ஏறியதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்: பதினெட்டு, உண்மை பேசியதற்கு இரண்டு சேர்த்து இருபது.

குடியேற்றம்தான் வினை. 'விண்ணப்பங்கள் தேங்குவதைக் குறைக்க என்ன செய்வீர்கள்?' இதுதான் கேள்வி. பல் டாக்டர் அலுவலகங்களில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னார்: அறுபத்திரண்டு. உறுப்பினரின் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மழைநீர்க் கால்வாய் பற்றிய வழவழப்பான துண்டறிக்கை ஒன்று தபாலில் வந்தது. இருபத்தெட்டு. ஆசிரியர் குறிப்பு: "கேட்டதை விட்டுவிட்டுப் படித்ததை எழுதியிருக்கிறார். அச்சு நன்று."

மொத்தத்தில் பல் டாக்டர் இருநூற்று அறுபது, உறுப்பினர் இருநூற்று நாற்பத்தைந்து. ஆனால் ஒரு பாடத்தில் போனாலும் ரேங்க் கிடையாது என்பது நாம் எல்லோரும் அடிபட்டுக் கற்ற விதி. இருவருக்கும் ஒவ்வொரு பாடம் போயிருந்தது. ரேங்க் கட்டத்தில் இருவருக்கும் கோடு இழுத்தேன்.

"ரெண்டு பேரும் ஃபெயிலெண்டா ஆருக்குப் பிள்ளை போடுறது?" என்றார் அங்கிள்.

"அது வாக்காளர் பிரச்சினை அங்கிள்."

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவ்வளவு பிடித்ததால் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். முழுப் பக்கத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சங்க முத்திரையோடு இரண்டு வேட்பாளர்களுக்கும் அனுப்பிவைத்தார். கீழே ஆசிரியர் என்று என் முழுப் பெயர், எங்கள் வீட்டு முகவரி. பெற்றோர் கையொப்பக் கோட்டையும் விடவில்லை. "தயவுசெய்து கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பவும்" என்று சொந்தமாக ஒரு வரி வேறு சேர்த்திருந்தார்.

பத்து நாளில் உறுப்பினர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கணவன், மனைவி இருவரும் பாஸ்போர்ட்டோடு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வர வேண்டும். கணவர் மகிழ்ச்சியில் டை கட்டிக்கொண்டார். சங்க மலரை அவர் படிப்பதில்லை. யாருமே படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மனுக்களைக் கவனிக்கும் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். பெயர் டோரதி. மேஜையில் எங்கள் கடிதம் இருந்தது. அதோடு கிளிப்பில் சேர்த்து பிராக்ரஸ் ரிப்போர்ட்டும் இருந்தது. இரண்டிலும் ஒரே வீட்டு முகவரி. டோரதி ஒரு விரலைக் கடிதத்தின் 'அயராது' மீதும், இன்னொரு விரலை இருபத்தெட்டின் மீதும் வைத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

கணவர் குனிந்து படித்தார். உதடு அசையாமல் தமிழில் கேட்டார்.

"என்னது இது?"

"மலர்."

"இதுல உன் பேரு எதுக்கு இருக்குது?"

"ஆசிரியர்னா பேரு போடுவாங்க."

"இருபத்தெட்டா? ஒரு முப்பத்தஞ்சு போட்டிருந்தா உனக்கு என்ன கொறஞ்சா போயிருக்கும்?"

பிறகு டோரதியைப் பார்த்துச் சிரித்து, இது ஒரு நகைச்சுவை, எங்கள் பண்பாட்டில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"நகைச்சுவை இல்லை" என்றேன் நான். "கேள்விக்குப் பதில் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். கால்வாய் பற்றித்தான் வந்தது."

அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வீரம் என்று சொல்ல மாட்டேன். ஃபைல் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் அதன் நூல் அந்த மேஜையில்தான் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வேலைக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் தனியாக வேலை செய்தது.

"கால்வாய் அறிக்கையை அனுப்பியது நான்தான்" என்றார் டோரதி. "குடியேற்றம் பற்றி அனுப்ப ஒன்றுமில்லை. பதினோரு வருடமாக நானும் தேடுகிறேன்."

அப்போது உள்ளறைக் கதவு திறந்து உறுப்பினரே வந்தார். உயரமான மனிதர், நல்ல கைகுலுக்கல். "என்னை ஃபெயிலாக்கியது நீங்கள்தானா? மறுபடி பரீட்சை எழுத அனுமதி உண்டா?" என்றார்.

உண்டு என்றேன். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதே கேள்வியைக் கேட்டேன். உறுப்பினர் நான்கு நிமிடம் பேசினார். அருமையாகப் பேசினார். அவருடைய தாத்தா கப்பலில் வந்தது, தாத்தாவின் ஒரே ஒரு கோட்டு, தாத்தா வைத்த ரொட்டிக்கடை. நான்கு நிமிடத்தில் தாத்தா மூன்று முறை வந்தார். விண்ணப்பம் ஒரு முறையும் வரவில்லை. முடித்துவிட்டு, "இப்போது?" என்று கேட்டார்.

கணவரின் கை மேஜைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் மூன்றும் ஐந்தும் இருந்தன. தெளிவாகவே புரிந்தது.

"முப்பத்தொன்று" என்றேன். "நேரில் வந்ததற்கு மூன்று."

உறுப்பினர் பாஸ் மார்க் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அது மெதுவாகச் சாத்தப்பட்டதா, வேகமாகவா என்று கணவரும் நானும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

டோரதி கிளிப்பைக் கழற்றினார். பிராக்ரஸ் ரிப்போர்ட்டைத் தன் சொந்த டிராயரில் வைத்துப் பூட்டினார். எங்கள் சார்பில் விசாரிக்கச் சம்மதம் தரும் படிவம் ஒன்றைத் தள்ளினார். "இங்கே கையெழுத்து. அந்தத் தாளுக்கும் இந்த ஃபைலுக்கும் சம்பந்தமில்லை."

அதைக் கணவர் நம்பவில்லை. ரயிலில் ஏறியதும் டையைக் கழற்றிப் பையில் திணித்தார்.

"நாலு மார்க்கு" என்றார் பிறகு. "நாலே நாலு. கிரேஸ் மார்க்குன்னு ஒண்ணு உங்க மதுரையில கேள்விப்பட்டதே இல்லியா?"

"அதை போர்டுதாங்க போடும். நான் போட முடியாது."

"நம்ம கிரீன் கார்டு அங்க தொங்குது. இவ போர்டு ரூல்ஸ் பேசறா."

அன்று மாலை அங்கிள் போன் செய்தார். விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. (எப்படியோ என்ன, கணவர்தான்.) "பிள்ளை, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிவிடும். எனக்காக."

"தப்பு இருந்தா அடுத்த இதழ்ல திருத்தம் போடுறேன் அங்கிள். கூட்டல்ல தப்பு இருக்கா?"

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "கூட்டல் சரி."

"அப்ப திருத்தம் இல்லை."

நவம்பரில் உறுப்பினர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். என் மலரால் ஒரு ஓட்டுகூட இடம் மாறியதாகத் தகவல் இல்லை. அதன் பிறகு கணவர் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்துவிட்டு, மேலே வந்து, நான்கு விரலைக் காட்டுவார். டிசம்பர் முழுக்கக் காட்டினார். ஜனவரி முழுக்கக் காட்டினார். எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆனாலும் நோட்டில் முப்பத்தொன்றை அடிக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் விரலுக்குப் பதில் இரண்டு உறைகளைக் காட்டினார். டோரதி ஃபைலைக் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டிருந்தார். ஏப்ரலில் நான் வேலைக்குப் போனேன்.

ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை கிடைத்து, முதல்முறை ஓட்டுப் போடும்போது, அதே உறுப்பினர் அதே தொகுதியில் நின்றார். இந்த முறை குடியேற்றம் பற்றி ஒரு பக்கம் அச்சடித்திருந்தார். தெளிவான விடை. எனக்கு அதில் ஒரு வரிகூட ஏற்புடையதாக இல்லை. எழுபது மார்க் போட்டுவிட்டு, எதிர்த்து நின்றவருக்கு ஓட்டுப் போட்டேன். வெளியே வந்து கணவரைக் கேட்டால், அவர் உறுப்பினருக்குப் போட்டிருந்தார்.

"நம்ம ஃபைலைத் தேடிக் குடுத்தாருல்ல."

"தேடினது டோரதிங்க."

"டோரதி எலெக்ஷன்ல நிக்கலியே."

ஆக எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தேர்தலுக்குக் கிடைத்த நிகர ஆதரவு பூஜ்யம். அன்றிலிருந்து எல்லாத் தேர்தலிலும் அப்படித்தான். நான் ஒருவருக்கு, நான் யாருக்குப் போடுகிறேன் என்று தெரிந்துகொண்டு அவர் மற்றவருக்கு. ஒருவர் மட்டும் போனால் அவர் கட்சி ஜெயித்துவிடும் என்பதால் இருவரும் சேர்ந்தே போகிறோம். ஒருமுறை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

போன தேர்தலன்று நல்ல மழை. எங்கள் மகள் சோபாவில் படுத்தபடி கேட்டாள்: "யூ கைஸ் ஜஸ்ட் கேன்சல் ஈச் அதர் அவுட். வொய் டோன்ட் யூ போத் ஸ்டே ஹோம்?"

நியாயமான யோசனை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் ஷூவை மாட்டிக்கொண்டோம்.